கிட்டு கொடுத்தால் நோய் போகாது

மாட்டு நோய்களைப் பற்றி இன்று யார் பேச எழுந்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, தொலைவில் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காக நாள்கணக்கில் காத்துக் கிடக்கும் முறை ஒழிய வேண்டும். கொட்டகையிலேயே பத்துப் பதினைந்து நிமிடத்தில் நோயைக் காட்டிவிடும் விரைவுப் பரிசோதனைக் கிட்டு ஒவ்வொரு விவசாயி கைக்கும் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் கன்று வீச்சு நோயும் காசநோயும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கால்நடைக் கருத்தரங்குகளில் இதைச் சொல்கிறார்கள். கிட்டு தயாரிக்க வந்திருக்கும் புது நிறுவனங்கள் சொல்கின்றன. நாளிதழ்களின் வேளாண் பக்கங்களும் சொல்கின்றன. கொரோனா காலத்தில் நாமே மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்துக்கொள்ளவில்லையா, மாட்டுக்கு மட்டும் ஏன் கூடாது என்ற கேள்வியும் கூடவே வரும். கேட்பவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள்.

நான் தலையாட்டத் தயாராக இல்லை. கிட்டின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அதைச் செய்தவர்களின் திறமையில் சந்தேகமும் இல்லை. ஆனால் இந்த வாதத்தின் அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எந்த மாட்டுக்கு நோய் என்று தெரியாததால்தான் நோய் பரவுகிறது, தெரிந்துவிட்டால் நின்றுவிடும் என்பதே அது. நம் நாட்டுக் கறவை மாடுகளைப் பொறுத்தவரை இந்த அனுமானம் தவறு. தெரிந்த பிறகு அந்த மாட்டை என்ன செய்வது என்பதற்கு ஏற்பாடு இல்லாததால்தான் நோய் நிற்கவில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்யாமல் கிட்டை மட்டும் ஊரெங்கும் இறைத்தால், நோய் ஊர் விட்டு ஊர் போகும் வேகம்தான் கூடும்.

கன்று வீச்சு நோயையே எடுத்துக்கொள்வோம். புருசெல்லா அபார்டஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. 1897இல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்னது. சினை மாடு ஆறாம் மாதத்துக்கு மேல் கன்று வீசிவிடும். நஞ்சுக்கொடி விழாமல் தங்கும். அடுத்த சினை பிடிக்க இழுத்தடிக்கும். வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் வடியும் நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். பக்கத்து மாடு அதை நக்கினாலே போதும். பாலிலும் விட்டு விட்டு வந்துகொண்டிருக்கும். மனிதருக்குத் தொற்றினால் டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து ஆறு வாரம் கொடுத்துக் குணப்படுத்தலாம். மாட்டுக்கு அப்படிப்பட்ட வைத்தியம் நடைமுறையில் கிடையாது. ஒரு முறை தொற்றினால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அந்த மாடு கிருமியைச் சுமக்கும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. நோய் தொற்றிய பசு பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் கன்று வீசும். அடுத்த ஈத்தில் ஒழுங்காக மாதம் நிரம்பிக் கன்று போடும், பால் கறக்கும், தீனி தின்னும், பார்க்க லட்சணமாக நிற்கும். ஒவ்வொரு முறை கன்று ஈனும்போதும் கிருமியைக் கொட்டிக்கொண்டும் இருக்கும். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாத இந்த மாட்டைத்தான் கிட்டு காட்டிக் கொடுக்கப் போகிறது. ஒரு சொட்டு ரத்தம், இரண்டு சொட்டு மருந்து நீர், பத்து நிமிடம். சி என்ற இடத்தில் ஒரு கோடு, டி என்ற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோடு தெரிந்தால் நோய்.

இரண்டு கோடு தெரிந்துவிட்டது. இனி அந்த வீட்டில் என்ன நடக்கும்? இரண்டு மூன்று கலப்பின மாடுகளை வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, வாராவாரம் வரும் பணத்தில் வீட்டுச் செலவையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் பார்க்கும் குடும்பம் அது. மாடு அறுபது, எழுபதாயிரம் போட்டு வாங்கியது, பாதி கடன். டாக்டரைக் கேட்டால் மருந்து இல்லை, மாட்டை ஒதுக்குங்கள் என்பார். ஒதுக்கி எங்கே கட்டுவது? இருப்பதே ஒரு கொட்டகை. காப்பீட்டுக்காரரைக் கேட்டால் மாடு செத்தால் வாருங்கள், காதில் மாட்டிய வில்லையோடு படம் எடுத்து வாருங்கள் என்பார். நோய் என்று பரிசோதனை சொன்னதற்குப் பணம் தரும் திட்டம் அவர் கையில் இல்லை. பல மாநிலங்களில் பசுவை அறுக்கச் சட்டமே இடம் தராது. கோசாலையில் விடலாம் என்றால், ஊர்ப்பட்ட நோய் மாடுகளை ஒரே வேலிக்குள் அடைத்து வைத்தது போலாகும்.

மிச்சம் இருக்கும் வழி சந்தை. பொள்ளாச்சியோ ஈரோட்டுக் கருங்கல்பாளையமோ மணப்பாறையோ, எந்தச் சந்தையிலும் கறவை மாட்டு வியாபாரம் நடக்கும் விதம் ஒன்றுதான். விடியும் முன்பே மாடு வந்து நிற்கும். முதல் நாள் மாலை கறக்காமல் விட்டதால் மடி விம்மியிருக்கும். வாங்க வந்தவர் வாயைத் திறந்து பல் பார்ப்பார்.

“எத்தனாவது ஈத்துங்க?”

“மூணாவதுங்க. பல்லைப் பாத்தீங்கல்ல.”

“காம்பு?”

“நாலும் சுத்தமுங்க. வேளைக்கு ஆறு லிட்டருக்குக் குறையாதுங்க. பொம்பளைங்களே கறக்கலாமுங்க, உதைக்காது.”

“சினை தங்குமா, வீசுமா?”

“அதெல்லாம் ஒரு குறையும் இல்லீங்க.”

பிறகு தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கையையும் மூடுவார். துண்டுக்குள் விரல்கள் விலை பேசும். கயிறு கைமாறும். மதியத்துக்குள் அந்த மாடு இன்னொரு மாவட்டத்தில், சில சமயம் எல்லை தாண்டிக் கேரளத்தில், புதுக் கொட்டகையில் மூன்று ஆரோக்கியமான மாடுகளுக்கு நடுவே கட்டப்பட்டிருக்கும். கிட்டு இல்லாதிருந்தால் அந்த மாடு அதே வீட்டிலேயே இன்னும் ஐந்தாறு வருடம் கிடந்திருக்கும். நோய் அந்தக் கொட்டகையோடு இருந்திருக்கும். கிட்டு வந்ததால் கிளம்பிவிட்டது. விரைவுப் பரிசோதனை விரைவுபடுத்தியது விற்பனையைத்தான்.

விவசாயியை நேர்மையற்றவர் என்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. எழுபதாயிரம் ரூபாய் ஒரே நாளில் பூஜ்யமாகும் என்ற நிலையில் யாரை நிறுத்தினாலும் இதைத்தான் செய்வார்; இந்தக் கட்டுரையைப் படிக்கும் அரசு ஊழியரோ பேராசிரியரோ விதிவிலக்கு அல்லர். அதற்கு மேல் சட்டமும் அவருக்கு எதிராகவே நிற்கிறது. விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கான 2009ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், பட்டியலில் உள்ள நோய் தொற்றியதெனத் தெரிந்த மாட்டைச் சந்தைக்குக் கொண்டுவருவதைத் தடை செய்கிறது. தெரியாமல் விற்றவருக்குப் பாதகமில்லை. தெரிந்து விற்றவர் குற்றவாளி. ஆக, நாம் விவசாயி கையில் கொடுக்கும் கிட்டு அவருக்கு மருந்தையும் தரவில்லை, பணத்தையும் தரவில்லை. நேற்று வரை நிரபராதியாக இருந்தவரைக் குற்றவாளியாக்கும் தகுதியை மட்டும் தருகிறது. புத்தியுள்ளவர் என்ன செய்வார்? பரிசோதனையே செய்துகொள்ள மாட்டார். செய்தால் யாரிடமும் சொல்ல மாட்டார். கிட்டு கைக்கு வந்தால் தகவல் பெருகும் என்பது மேடைப் பேச்சு. கொட்டகையில் தகவல் புதைக்கப்படும்.

ஆய்வக முடிவு வரத் தாமதமாவதுதான் நோய் ஒழியாததற்குக் காரணம் என்ற வாதத்தைச் சரித்திரம் ஏற்கவில்லை. மாட்டுக் காசநோய்க்கு உலகெங்கும் நம்பப்படும் சோதனை டியூபர்குலின் தோல் சோதனை. டாக்டர் வந்து மாட்டின் தோலுக்குள் ஊசி போடுவார். 72 மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து தடிப்பைத் தடவி அளப்பார். இரண்டு வருகை, மூன்று நாள். இதைவிட மெதுவான கொட்டகைச் சோதனை இருக்க முடியாது. அமெரிக்கா 1917இல் இந்தச் சோதனையை வைத்துத்தான் மாட்டுக் காசநோய் ஒழிப்பைத் தொடங்கியது. அப்போது அங்கே நூற்றுக்கு ஐந்து மாடுகளுக்கு நோய் இருந்தது. 1940க்குள் நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அது இருநூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. சோதனையில் தேறாத மாட்டை அரசு எடுத்துக்கொண்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்ததால் அது நடந்தது.

பணம் போதாத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் அதே நாடு காட்டியது. 1931 செப்டம்பரில், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, அயோவா மாநிலத்தின் சீடர் கவுண்டி விவசாயிகள் சோதனை செய்ய வந்த கால்நடை மருத்துவர்களைப் பண்ணைக்குள் விட மறுத்து விரட்டினார்கள். சோதனையையே நம்ப முடியாது, தரும் பணமும் மாட்டின் விலைக்கு ஈடாகாது என்பது அவர்கள் குறை. ஆளுநர் டான் டர்னர் தேசியக் காவல் படையை இறக்கினார். துப்பாக்கிக் காவலோடு மாட்டுக்கு ஊசி போட வேண்டியதாயிற்று. ‘அயோவா பசுப் போர்’ என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. பண்ணைக்காரர் நட்டத்தை ஈடுகட்டாத பரிசோதனையை ராணுவம் இல்லாமல் நடத்த முடியவில்லை என்பது அந்த நாட்டின் அனுபவம். நாமோ ராணுவமும் இல்லாமல், பணமும் இல்லாமல், பிளாஸ்டிக் பட்டையை மட்டும் கொடுத்து அதே பலனை எதிர்பார்க்கிறோம்.

ஆஸ்திரேலியா 1970இல் கன்று வீச்சு நோயையும் காசநோயையும் சேர்த்து ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1989இல் முதல் நோயிலிருந்தும் 1997இல் இரண்டாவதிலிருந்தும் விடுபட்டதாக அறிவித்தது. சோதனை, அழிப்பு, இழப்பீடு, மாடு எங்கிருந்து எங்கே போனது என்று தொடரும் பதிவு என நான்கும் ஒன்றாக ஓடின. செலவில் ஒரு பங்கை மாட்டுத் தொழிலே வரியாகக் கட்டியது. அங்கேயும் மையமாக இருந்தது சோதனையின் வேகம் அல்ல. பணமும் பதிவும் இருந்தாலே போதும் என்றும் நான் சொல்லவில்லை; பிரிட்டனில் இரண்டும் இருந்தும், தோல் சோதனை நோயுள்ள மாடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத் தவறவிடுவதாலும் காட்டு பேட்ஜர்களிடம் நோய் குடியிருப்பதாலும் இன்னும் திணறுகிறார்கள். இரண்டும் இருந்தே இந்தப் பாடு என்றால், இரண்டும் இல்லாத இடத்தில் கிட்டு என்ன சாதிக்கும்?

நம் மண்ணிலேயே ஒழித்துக்கட்டிய நோய் ஒன்று உண்டு: வெக்கை நோய். பாட்டன் காலத்தில் ஒரே வாரத்தில் தொழுவத்தைக் காலி செய்த நோய். 1995இல் தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டுப் பகுதியில் கண்டதுதான் இந்தியாவின் கடைசி வெக்கை. 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. விரைவுப் பரிசோதனைக்காரர்கள் இதையும் தம் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார்கள். மாட்டின் கண்ணீரைப் பட்டையில் விட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று கடைசிக் கட்டத்தில் இருந்தது உண்மை. ஆனால் வேலையைச் செய்தது வால்டர் பிளவ்ரைட் உருவாக்கிய தடுப்பூசி. நாட்டின் மாடுகளில் பெரும்பகுதிக்கு அதைப் போட்டு முடித்த பிறகு, எங்காவது ஒளிந்திருக்கும் மிச்சத்தைத் தேடத்தான் சோதனை பயன்பட்டது. 2022இல் தோல் கழலை நோய் ராஜஸ்தான், குஜராத் பக்கம் அடித்து, நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மாடுகள் செத்தபோது, நோயை அடையாளம் காணக் கிட்டு தேவைப்படவில்லை. உடம்பெல்லாம் கட்டி, குழந்தைக்கும் தெரியும். தேவைப்பட்டது ஆட்டம்மைத் தடுப்பூசி, அது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

இனி கிட்டின் துல்லியம். 95 சதவீதம் சரியாகச் சொல்லும் என்று பெட்டி மேல் அச்சிட்டிருந்தால், இரண்டு கோடு வந்த மாடுகளில் நூற்றுக்கு 95க்கு நோய் இருக்கிறது என்றுதான் வாங்குபவர் நினைப்பார். கணக்கு அப்படி வராது. ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். ஒரு வட்டாரத்தில் 1,000 மாடுகள். 50 மாடுகளுக்கு நோய். கிட்டு நோயுள்ள மாடுகளில் நூற்றுக்கு 90ஐப் பிடிக்கும், நோயில்லாதவற்றில் நூற்றுக்கு 96ஐ இல்லை என்று சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள 50இல் 45 மாட்டுக்கு இரண்டு கோடு வரும், 5 தப்பிவிடும். நோயில்லாத 950இல் 38 மாட்டுக்கு வீணாக இரண்டு கோடு வரும். ஆக மொத்தம் 83 மாட்டுக்கு இரண்டு கோடு; அதில் 38 பொய். கிட்டத்தட்ட பாதி. நோய் குறையக் குறையப் பொய்யின் பங்கு இன்னும் ஏறும். ஆய்வகம் இதற்காகத்தான் முதல் சோதனையில் சிக்கியதை இரண்டாவது சோதனையால் உறுதி செய்கிறது. கொட்டகையில் உறுதி செய்ய யார் இருக்கிறார்கள்? ஒன்றுமில்லாத மாட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வருவார் அந்த விவசாயி. தப்பிய ஐந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நோய் இல்லை என்ற நற்சான்றிதழோடு அவை நல்ல விலைக்கு ஊர் ஊராகப் போகும்.

கன்று வீச்சு நோயில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. கிட்டு கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமிக்கு எதிராக ரத்தத்தில் சுரக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கிறது. 2019இல் மதுராவில் பிரதமர் தொடங்கி வைத்த தேசிய விலங்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்குமாகச் சேர்த்து 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன்படி நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு எஸ்19 என்ற உயிருள்ள தடுப்பூசி போடுகிறார்கள். அதுவும் அதே எதிர்ப்பொருளைத்தான் சுரக்க வைக்கும். பெரும்பாலான கன்றுகளில் நாளடைவில் வடிந்துவிடும், சிலவற்றில் நீடிக்கும். அரசு ஒரு கையால் தடுப்பூசி போடுகிறது, இன்னொரு கை கிட்டை நீட்டுகிறது. தடுப்பூசி போட்ட கிடேரிக்கு இரண்டு கோடு வந்தால் விவசாயி யாரைத் திட்டுவார்? தடுப்பூசிக்காரரைத்தான். அடுத்த முறை முகாமுக்குக் கன்றைக் கொண்டுவர மாட்டார். நோயை உண்மையில் குறைக்கக்கூடிய ஒரே ஆயுதத்தின் மேல் சேறு விழும். எதிர்த்திசையிலும் ஓட்டை உண்டு. தாய் வயிற்றிலேயே தொற்றிய கிடேரி, முதல் ஈத்து நெருங்கும் வரை எந்தச் சோதனையிலும் சிக்காமல் இருக்கலாம். ஒரே ஒரு கோட்டைப் பார்த்து நிம்மதியாக வாங்கிக் கட்டியவர், கன்று வீசும் அன்றுதான் விழித்துக்கொள்வார்.

அப்படியானால் கொட்டகைச் சோதனையே வேண்டாமா? வேண்டும், பயன்படும் இடத்தில் வேண்டும். மடிநோய்க்கான கலிபோர்னியா சோதனை 1957 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கைப்பிடி வைத்த தட்டில் நான்கு கிண்ணங்கள், காம்புக்கு ஒன்று. முதல் பீச்சை விலக்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பால் கறந்து, தட்டைச் சாய்த்து அளவைச் சரிசெய்து, அதே அளவு சோப்பு போன்ற திரவத்தை ஊற்றி வட்டமாக ஆட்டினால், பத்து விநாடியில் பதில். நல்ல பால் தண்ணீர் போல ஓடும். நோயுள்ள காம்பின் பால் கஞ்சி போலக் கெட்டிப்பட்டுத் தட்டோடு இழுபடும். பாலில் குவிந்த வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ திரள்வதால் அப்படி ஆகிறது. மடி வீங்குவதற்கும் பால் திரிவதற்கும் வெகு முன்பே, கண்ணுக்குத் தெரியாத மடிநோயை இது காட்டிவிடும்.

இந்தச் சோதனையை விவசாயி கையில் தயங்காமல் கொடுக்கலாம். காரணம், கெட்டிப்பட்ட அந்தக் கிண்ணம் அவரை நஷ்டத்தில் தள்ளவில்லை, நஷ்டத்திலிருந்து மீட்கிறது. அந்த மாட்டைக் கடைசியாகக் கறக்கலாம். கறந்த பிறகு காம்பை அயோடின் கரைசலில் முக்கலாம். கறந்தவுடன் தீனி போட்டு, காம்புத் துளை மூடும் வரை மாட்டைப் படுக்க விடாமல் நிறுத்தலாம். டாக்டரைக் கூப்பிட்டு எந்த மருந்து என்று கேட்கலாம். பால் வற்றும் காலத்தில் காம்புக்குள் மருந்து ஏற்றலாம். பதில் கிடைத்த அன்றே செய்ய வேலை இருக்கிறது, செய்தால் அவருக்கே பால் கூடுகிறது, அவர் யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு பரிசோதனையை மதிப்பிட நான் கேட்கும் அளவுகோல் இது ஒன்றுதான்: பதில் பாதகமாக வந்தால் அதைக் கேட்டவருக்கு நல்லது நடக்குமா, கெட்டது நடக்குமா? மடிநோயில் நல்லது நடக்கிறது. கன்று வீச்சிலும் காசநோயிலும் இன்றைய ஏற்பாட்டில் கெட்டது மட்டுமே நடக்கிறது. இரண்டையும் ‘விரைவுப் பரிசோதனை’ என்ற ஒரே பெட்டியில் போட்டு விற்பதுதான் இந்த வாதத்தின் மிகப் பெரிய மோசடி. சொல்லப்போனால் இந்த எளிய தட்டு பல ஊர்களில் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கொழுப்புக்கும் திடப்பொருளுக்கும் மட்டும் விலை கொடுத்து, வெள்ளணுக் குறைந்த பாலுக்குக் கூடுதலாக எதுவும் தராத கொள்முதல் முறையில் அதற்கு யார் அலையப் போகிறார்கள்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் மனிதர்களைப் பற்றியது. இந்தக் கிருமி கறப்பவருக்கும், நஞ்சுக்கொடியைக் கையால் இழுப்பவருக்கும், கால்நடை மருத்துவருக்கும் தொற்றுகிறது. வந்து வந்து போகும் காய்ச்சல், மூட்டுவலி, இடுப்புவலி. டைபாய்டு என்று மாதக்கணக்கில் மாத்திரை தின்றவர்கள் உண்டு. குடும்பத்தின் உடல்நலத்துக்காகவாவது எந்த மாட்டுக்கு நோய் என்று தெரிய வேண்டாமா என்கிறார்கள். நியாயமான கவலை, ஆனால் கிட்டு அதற்கு விடையல்ல. பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் அனேகமாக இல்லை. காய்ச்சினால் கிருமி சாகும், 72 பாகை வெப்பத்தில் 15 விநாடி பதப்படுத்தினாலும் சாகும். ஆபத்து கன்று வீசும் நேரத்தில், வெறுங்கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் எந்தக் கிட்டும் இல்லாமல் ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம்: மாடு கன்று வீசினால், வேறென்று நிரூபணமாகும் வரை அது இந்த நோய்தான். கையுறை போடாமல் தொடக் கூடாது. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் நாய்க்குப் போடாமல், குளத்தில் எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். நீர் வடிவது நிற்கும் வரை அந்த மாட்டைத் தள்ளிக் கட்ட வேண்டும். காய்ச்சலோடு வரும் விவசாயியிடம் “உங்கள் மாடு கன்று வீசியதா?” என்று ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இவற்றின் செலவு ஒரு கிட்டின் விலைக்கு வராது.

நோய் எங்கே இருக்கிறது என்று அரசுக்குத் தெரிய வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அதற்குத் தனித்தனி மாட்டை மாட்டிவிடத் தேவையில்லை. பால் வளையச் சோதனை என்று பழைய முறை ஒன்று இருக்கிறது. சொசைட்டியில் சேர்ந்த பொதுப் பாலில் கொஞ்சம் எடுத்து, நிறமேற்றிய கிருமிக் கரைசலில் ஒரு துளி விட்டு, உடல் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால், நோயுள்ள பாலில் ஆடை நீல வளையமாக மேலே நிற்கும். நல்ல பாலில் ஆடை வெளுத்தும் கீழே நீலமாகவும் இருக்கும். மடிநோய்ப் பாலும் சீம்பாலும் சில சமயம் இதை ஏமாற்றும். ஆகவே மாதங்கள் விட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இதில் கிடைக்கும் பதில் ஊரைப் பற்றியது. எவர் வீட்டு மாடும் பெயர் கெடாது, எதுவும் சந்தைக்கு ஓடாது. வளையம் தெரிந்த ஊரில் பாலை மறுக்கக் கூடாது, பதப்படுத்தினால் போதும். அந்த ஊரின் கிடேரிக் கன்று ஒன்றுவிடாமல் தடுப்பூசிக்கு வர வேண்டும், கன்று வீச்சுக்குக் கையுறையும் சுண்ணாம்பும் சொசைட்டியிலேயே கிடைக்க வேண்டும். காசநோய்க்கும் இதே திசையில் கதவு திறந்திருக்கிறது. எத்தியோப்பியாவில் மாடுகளுக்கு பிசிஜி தடுப்பூசி போட்டுப் பார்த்த ஆய்வு, பரவலை 89 சதவீதம் குறைத்ததாக 2024இல் வெளிவந்தது. தடுப்பூசி போட்ட மாட்டையும் நோய் தொற்றிய மாட்டையும் பிரித்துக் காட்டும் புதிய தோல் சோதனை ஒன்றும் வந்திருக்கிறது. கொன்று ஒழிக்க முடியாத நாட்டுக்கு ஏற்ற அறிவியல் இதுதான்.

எல்லாம் சரி, இழப்பீட்டுக்குப் பணம் எங்கே என்பது கடைசியாக வரும் கேள்வி. பறவைக் காய்ச்சல் வந்த ஊரில் கோழிகளை அழிக்கும்போது அரசு இழப்பீடு கொடுக்கிறது. கொடுக்காவிட்டால் கோழிக்காரர் செத்த கோழியை மறைப்பார், இருக்கும் கோழியை விற்பார் என்று அரசுக்கு நன்றாகத் தெரியும். கோழிக்குப் புரிந்த அதே உண்மை மாட்டுக்கு மட்டும் புரியாமல் போவதற்குக் காரணம் எதுவும் இல்லை, தொகை பெரிது என்பதைத் தவிர. தொகை பெரிது என்றால் நேர்மையாக அதைச் சொல்லிவிட்டு, தடுப்பூசியையும் பொதுப் பால் சோதனையையும் வைத்துப் பத்து வருடம் நோயை இறக்குவோம். இறங்கிய பிறகு மிஞ்சும் மாடுகள் சில ஆயிரமாக இருக்கும்போது, சந்தை விலைக்குக் குறையாமல் கொடுத்து அரசே வாங்கட்டும். அன்று கிட்டு வரட்டும்; ஆய்வக உறுதிச் சோதனையோடு, மருத்துவர் கையில் வரட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி இன்றே கிட்டை இறைப்பவர்கள், அரசு தாங்க வேண்டிய நட்டத்தை இரண்டு மாடு வைத்திருப்பவர் தலையில் கட்டிவிட்டு அதற்கு அறிவியல் என்று பெயர் வைக்கிறார்கள்.